கணவர்தான் வழக்குப் போட்டார், என் சொலிசிட்டர் காசை அவர்தானே கட்ட வேண்டும்?

லண்டனில் விவாகரத்து நடக்கிறது, வீட்டையும் பென்ஷனையும் பிரிக்கச் சொல்லி வழக்குப் போட்டவர் கணவர், குடும்பம் பிரிந்ததும் அவர் வேறொரு பெண்ணோடு போனதால்தான், அப்படியென்றால் என் சொலிசிட்டர் செலவும் அவர் தலையில்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, தங்கச்சி. இங்கிலாந்திலும் வேல்சிலும் சொத்துப் பிரிக்கும் வழக்கில் அவரவர் சொலிசிட்டருக்கு அவரவர்தான் கட்ட வேண்டும். நீங்கள் நினைப்பதையே நினைத்துக்கொண்டு நானும் இரண்டு வருடம் வழக்கு நடத்தினேன். எனக்கு அப்போது யாரும் இதை விளங்கப்படுத்திச் சொல்லவில்லை.

மற்ற சிவில் வழக்குகளில் தோற்றவர் வென்றவருக்குச் செலவு கொடுப்பார். குடும்ப நடைமுறை விதிகள் 2010இல் உள்ள 28.3ஆம் விதி இதற்கு மாறானது: சொத்து வழக்கில் யாரும் யாருக்கும் செலவு கொடுக்க உத்தரவிடுவதில்லை என்பதே பொது விதி. 2006இலிருந்தே இப்படித்தான். வழக்கை யார் தொடங்கினார் என்பது இங்கே கணக்கில்லை. இருக்கிற வீட்டை இரண்டு பேருக்கும் பிள்ளைகளுக்கும் எப்படிப் பங்கிடுவது என்று பார்க்கிற இடத்தில் வென்றவர், தோற்றவர் என்று ஒருவரும் இல்லை.

மற்றப் பெண் விஷயமும் உதவாது. முன்பு விவாகரத்து மனுவிலேயே மற்றவரின் குற்றத்தை எழுதி, மனுவின் செலவையும் அவரிடம் கேட்கலாம். நம் சனம் இன்னும் அந்தக் காலத்துக் கதையைத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். 2022 ஏப்ரல் 6இலிருந்து யார் மீதும் குற்றம் சொல்லாமலே விவாகரத்து எடுக்கலாம். செலவு விஷயத்தில் ஜட்ஜ் பார்ப்பது வழக்கை ஒருவர் எப்படி நடத்தினார் என்பதை. கல்யாணத்தில் எப்படி நடந்தார் என்பதை அல்ல. எனக்கு இதை ஏற்றுக்கொள்ளவே மாதக்கணக்காயிற்று.

ஒவ்வொரு விசாரணைக்கு முன்னும் இரு பக்கமும் ஃபோர்ம் எச் கொடுக்க வேண்டும். அதுவரை சொலிசிட்டருக்கு ஆன செலவு அதில் இருக்கும். எங்கள் இரண்டாவது விசாரணையில் ஜட்ஜ் அம்மா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். எனக்கு 31,000 பவுண்ஸ், என் கணவருக்கு 38,000. மோட்கேஜ் போக எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்தது 210,000. பதினொரு வருடம் இரண்டு பேரும் இரவு வேலை செய்து கட்டிய வீட்டில் மூன்றில் ஒரு பங்கு முடிந்துவிட்டிருந்தது. நான் அவரைப் பார்த்தேன், அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சொலிசிட்டருக்குப் போகிற காசும் நாங்கள் பங்கிட வேண்டிய அதே சட்டியிலிருந்துதான் போகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அந்த 31,000 எப்படி வந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சொத்து விபரம் எழுதும் ஃபோர்ம் ஈயில், ஒவ்வொன்றும் 500 பவுண்ஸுக்கு மேல் பெறுமதியான தனிப்பட்ட பொருட்களை எழுத வேண்டும். என் தாலிக்கொடி 11 பவுன். அதற்கு நான் எழுதிய விலை போதாது என்று அவர் பக்கம் ஒரு கடிதம், அது என் அம்மா வீட்டுக் காசும் சேர்த்துச் செய்தது என்று நாங்கள் ஒரு பதில், ரசீது எங்கே என்று திரும்ப ஒன்று. என் சொலிசிட்டர் நேரத்தை ஆறு நிமிடத் துண்டுகளாகக் கணக்கிட்டார். ஒரு ஈமெயிலை வாசித்தால் ஒரு துண்டு, நான் இரவு அழுதுகொண்டு எழுதியதற்குப் பதில் போட்டால் இன்னொரு துண்டு. தாலிக்கொடிக் கடிதங்களுக்கு மட்டும் 1,400 பவுண்ஸ் பில் வந்தது. கோபத்தைச் சொல்ல ஒரு சினேகிதியைத் தேடுங்கள். சொலிசிட்டருக்குக் கிழமைக்கு ஒரு ஈமெயில், கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. உத்தரவை மீறுவது, கணக்கு விபரங்களை மறைப்பது, நியாயமில்லாத குற்றச்சாட்டைப் பிடித்துக்கொண்டு இழுப்பது, இவற்றுக்காக மற்றவரின் செலவைக் கட்டச் சொல்லி ஜட்ஜ் உத்தரவிடலாம். என் கணவர் ஒரு வங்கிக் கணக்கைக் காட்டாமல் விட்டதால் ஒரு விசாரணை தள்ளிப்போனது. அந்த ஒரு நாளுக்கு அவர் எனக்கு 1,800 கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த நாளுக்கு என் பில் 2,900. செலவு கிடைத்தாலும் முழுதாகக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். வழக்கு முடியும்வரை செலவுக்குக் காசு கேட்கும் இடைக்காலப் பராமரிப்பு மனுவுக்கு அந்தப் பொது விதி பொருந்தாது. தேவையில்லாமல் போட்டால் செலவு உங்கள் மேல் விழலாம்.

உங்கள் கையில் இருக்கிற பலமான ஆயுதம் ஓப்பன் ஆஃபர். ‘இந்த அளவுக்கு நான் சம்மதம்’ என்று, ஜட்ஜ் பார்க்கக்கூடிய விதமாக எழுதிக் கொடுப்பது. ‘வித்தவுட் பிரெஜூடிஸ்’, அதாவது இது நமக்குள் மட்டும் பேசும் பேச்சு, என்று தலைப்பிட்ட கடிதத்தைக் கடைசி விசாரணையில் காட்ட முடியாது, செலவு கேட்கும்போதும் உதவாது. நியாயமாகப் பேச மறுப்பதே தவறான நடத்தையாகக் கொள்ளப்படும் என்று 2019இல் நடைமுறைக் குறிப்பில் சேர்த்தார்கள். 2020 ஜூலையிலிருந்து, எஃப்.டி.ஆர். எனப்படும் சமரச விசாரணையில் முடியாவிட்டால், ஜட்ஜ் வேறு நாள் குறிக்காதவரை 21 நாளுக்குள் இரு பக்கமும் ஓப்பன் ஆஃபர் கொடுத்தே ஆக வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, நான் காத்திருந்து கெட்டேன். 2024 ஏப்ரலிலிருந்து, தகுந்த காரணமில்லாமல் மீடியேஷன் (நடுநிலையான ஒருவரை வைத்துப் பேசித் தீர்ப்பது) போன்ற வழிகளைத் தட்டிக்கழித்தவரையும் செலவு விஷயத்தில் ஜட்ஜ் கேள்வி கேட்கலாம். எங்கள் வழக்கு கடைசியில் எஃப்.டி.ஆர். அன்று நீதிமன்ற நடைபாதையில் நின்றுதான் முடிந்தது. வீட்டில் எனக்குக் கிடைத்த பங்கு, இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய அக்கா எங்கள் குசினி மேசையில் இருந்து சொன்ன கணக்குக்குக் கிட்டத்தட்ட அதேதான்.

கையில் காசே இல்லை, எல்லாம் கணவரின் கணக்கில் இருக்கிறது என்றால் அது வேறு விஷயம். 1973ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 22இசட்ஏ பிரிவின் கீழ், உங்கள் சட்டச் செலவுக்கு அவர் காசு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். வேறெங்கும் நியாயமாகக் கடன் பெற முடியாது என்று முதலில் காட்ட வேண்டும், பொதுவாக இரண்டு கடன் நிறுவனங்கள் மறுத்த கடிதம் கேட்பார்கள். அடி, மிரட்டல், காசைக் கட்டுப்படுத்துவது போன்றவை நடந்திருந்து அதற்கு ஆதாரமும் இருந்தால், வருமானத்தைப் பார்த்து லீகல் எய்ட், அதாவது வழக்குச் செலவுக்கு அரசாங்கம் தரும் காசு, கிடைக்கலாம். வீட்டுப் பங்கு கைக்கு வந்ததும் அந்தக் காசைத் திருப்பிக் கேட்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாளைக்கு உங்கள் சொலிசிட்டருக்கு அனுப்பும் ஈமெயிலில் இரண்டு கேள்வி மட்டும் எழுதுங்கள். இன்றுவரை என் பில் எவ்வளவு, முடியும்வரை போனால் எவ்வளவு ஆகும்? நம் பக்கத்திலிருந்து ஓப்பன் ஆஃபர் போய்விட்டதா?