அறுபதுக்கு மேல் மிஷன்: கானா போகும் மூத்த தம்பதிகளுக்கான கேள்வி பதில்

மார்மன் சபை என்று பலர் அறிந்த பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் சேர்ந்து மிஷன் சேவைக்கு, அதாவது சபைக்காக வேறு ஊரில் தங்கிச் செய்யும் தொண்டுக்கு, போவது வழக்கம். அமெரிக்காவிலிருந்து கானாவுக்குப் போகும் தம்பதிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: சால்ட் லேக் சிட்டியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் கிளம்புகிறார்கள். சம்பளம் உண்டா?

கிடையாது. செலவு முழுக்க அவர்களுடையது. வாடகைக்கு மட்டும் ஒரு வரம்பு உண்டு: வீட்டுச் செலவு அதைத் தாண்டினால் மிச்சத்தைச் சபை பார்த்துக்கொள்ளும். 2011 செப்டம்பரில் இந்த ஏற்பாடு வந்தபோது அது மாதம் 1,400 டாலராக இருந்தது. சாப்பாடு, மருந்து, போன் எல்லாம் கைக்காசு. 6, 12, 18, 23 மாதம் என்று காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். எங்கே போக ஆசை என்று விண்ணப்பத்தில் சொல்லலாம். சபையின் அழைப்பு வேறு ஊருக்கும் வரலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. காலை ஆறரைக்கு எழுந்து வீடு வீடாகக் கதவு தட்ட வேண்டுமா?

வேண்டாம். அந்தக் கால அட்டவணை இளம் மிஷனரிகளுக்கு. மூத்தவர்களுக்கு மிஷன் அலுவலகம், உள்ளூர்க் கிளைச் சபைகளின் தலைவர்களுக்குத் துணை, மனிதநேயத் திட்டங்கள், ஆலய சேவை என்று வேலை அமையும். இளம் மிஷனரிகள் தங்கும் வீடுகளைச் சோதிப்பதும் பல தம்பதிகள் தலையில் விழும். இதைச் சில்லறை வேலை என்று நினைக்காதீர்கள். சோதிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கேஸ் சிலிண்டர். ரெகுலேட்டர் மூட்டிலும் குழாயிலும் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி கிளம்பினால் கசிவு. அடுத்தது ஜெனரேட்டர். மழை நனைக்குமே என்று அதைப் பால்கனிக்கோ ஜன்னலடிக்கோ இழுத்து வைத்திருப்பார்கள். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூங்கும் அறைக்குள் நுழைந்துவிடும். அங்கிருந்து நகர்த்தும்வரை வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். பிறகு தண்ணீர் வடிகட்டிக்குள் இருக்கும் பீங்கான் குழல் ('கேண்டில்' என்பார்கள்): மேலே பழுப்பாகப் படிந்திருந்தால் மென்மையான பிரஷால் வெறும் தண்ணீரில் தேய்க்க வேண்டும், சோப்பு கூடாது. மயிரிழை விரிசல் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள்.

கேள்வி: தடுப்பூசி எல்லாம் ஒரே வாரத்தில் முடித்துவிடலாமா?

முடியாது. மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். கானாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கட்டாயம்; ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். 60 வயதைத் தாண்டி முதல்முறையாக இந்த ஊசி போடுபவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். அதனால் பயண மருத்துவம் தெரிந்த மருத்துவரிடமே போங்கள். தைமஸ் சுரப்பிக் கோளாறு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி ஒத்துவராது என்றால் விலக்குக் கடிதம் தருவார்.

கேள்வி: மலேரியா மாத்திரையில் எது நல்லது?

எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. டாக்ஸிசைக்ளின் விலை குறைவு, தினமும் ஒன்று. அதை விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டு அரைமணி நேரமாவது நிமிர்ந்து இருக்க வேண்டும். கால்சியம் மாத்திரையோடு சேர்த்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இந்த வயதில் பாதிப் பேர் கால்சியம் எடுப்பவர்கள்தானே! வெயிலில் தோலும் சீக்கிரம் கருகும். அடோவாகோன்–புரோகுவானில் பொதுவாகப் பக்கவிளைவு குறைவு, விலை அதிகம். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு ஆகாது. வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. மெஃப்ளோகுயின் வாரம் ஒன்று என்பதால் ஆசை காட்டும். மனச்சோர்வு வந்தவர்களும் இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி: மெடிகேர் இருக்கிறதே, போதாதா?

மெடிகேர் என்பது அமெரிக்காவில் மூத்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. நாட்டுக்கு வெளியே அது பெரும்பாலும் ஒன்றும் தராது. வெளிநாடு போகும் மூத்தவர்களுக்குச் சபை தனிக் காப்பீட்டு ஏற்பாடு வைத்திருக்கிறது, அதற்கும் மாதத் தவணை உண்டு. மெடிகேரில் மருத்துவர் கட்டணத்துக்கான பகுதி பார்ட் பி. 'அங்கே உதவாத பார்ட் பி-க்கு ஏன் கட்ட வேண்டும்' என்று நிறுத்துகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்: திரும்பிச் சேரும்போது, விட்ட ஒவ்வொரு 12 மாதத்துக்கும் தவணையில் 10 சதவீதம் அபராதமாக ஏறும், அதுவும் நிரந்தரமாக. லாப நோக்கற்ற அமைப்பின் வழியாக வெளிநாட்டில் ஓராண்டாவது தொண்டு செய்து, அப்போது வேறு மருத்துவக் காப்பீடும் வைத்திருந்தவர்களுக்கு அபராதமில்லாமல் சேர வழி உண்டு. மெடிகேர் சேர்க்கையைக் கவனிக்கும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு முடிவெடுங்கள். என்னைக் கேட்டால், கட்ட முடிந்தவர்கள் கட்டிக்கொண்டே இருப்பது நிம்மதி.

கேள்வி: பெட்டியில் என்ன வைப்பது?

துணி அங்கேயே தைத்துக்கொள்ளலாம். மிக்ஸியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கானாவில் 230 வோல்ட். 120 வோல்ட் மோட்டார் செருகிய மாத்திரத்தில் புகையும். தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் சிபேப் கருவியின் அடாப்டரில் பெரும்பாலும் 100–240 என்று இருக்கும். பிரிட்டன் மாதிரி மூன்று சதுரக் கம்பி பிளக் மட்டும் போதும். மின்சாரம் போய்விட்டால்? அதற்கென்று பேட்டரி வேண்டும். கரண்ட் கட்டுக்கு அந்த ஊரில் 'டும்சோர்' என்று பெயரே உண்டு.

மாத்திரைகளை மருந்துக்கடை டப்பாவிலேயே வையுங்கள், பொதுப்பெயரில் எழுதிய மருத்துவர் கடிதத்தோடு. டிரமடால் மாதிரி வலி மருந்து இருந்தால் முன்கூட்டியே விசாரியுங்கள். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் 28 நாள் தாங்கும். அக்கரா வெயிலில் நிறுத்திய கார் அந்தக் கணக்கில் வராது.

கேள்வி: ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகலாமா?

காப்பீட்டுப் பத்திரத்தைப் படித்துவிட்டுப் பூட்டுங்கள். வீடு 30 அல்லது 60 நாள் காலியாகக் கிடந்தால் பல நிறுவனங்கள் இழப்பீட்டைக் குறைத்துவிடும். இன்னொன்று, வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் அமெரிக்க எண்ணுக்குத்தான் வரும். வைஃபை வழியாக அந்த எண் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன் சோதியுங்கள். பிள்ளைகளில் ஒருவருக்குப் பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மொழி, பழக்கவழக்கம்?

ஆங்கிலம் ஆட்சிமொழி. வாங்குவது கொடுப்பது வலக்கையால் மட்டும். வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு வணக்கம் சொல்லும்போது உங்கள் வலப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். வயதானவர்களுக்கு மரியாதை அதிகம், நம்ம ஊர்க்காரர்களுக்கு இது பிடித்துப்போகும்.

கேள்வி: இருபத்துநாலு மணி நேரமும் ஒன்றாகவே இருப்பது சண்டையில் முடியாதா?

முடியும். வேலையெல்லாம் ஒருவர் கையில் இருந்து மற்றவர் சும்மா கூடவே வரும் வீட்டில்தான் அது நிறைய நடக்கும். முதல் வாரமே பிரித்துக்கொள்ளுங்கள்: கணக்கு ஒருவருக்கு, வீட்டுச் சோதனைப் பட்டியல் இன்னொருவருக்கு. ஒருவர் காரோட்ட விரும்பவில்லை என்றால் அதையும் போகும் முன்பே பேசிவிடுங்கள்.

கேள்வி: திரும்பி வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. டாக்ஸிசைக்ளினும் மெஃப்ளோகுயினும் நான்கு வாரம், அடோவாகோன்–புரோகுவானில் ஏழு நாள் தொடர வேண்டும். அதன்பின் ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் 'கானாவிலிருந்து வந்தேன்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லி, அன்றைக்கே ரத்தத்தில் மலேரியா சோதனை கேளுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அமெரிக்க மருத்துவர் சாதாரண ஃப்ளூ என்றே நினைப்பார்.