அப்பாவும் பிள்ளையும் ஒரே மேசையில்: சித்திர ஆசிரியரிடம் கேள்வி பதில்

ஜூன் மாதத்தின் மூன்றாவது ஞாயிறு தந்தையர் தினம் என்பதால், தந்தையரும் பிள்ளைகளும் சேர்ந்து செய்யக்கூடிய எளிய சித்திர வேலைகள் பற்றிய கேள்விகளை அனுப்புமாறு கேட்டிருந்தோம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகளில் நீண்ட காலம் சித்திரம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் பதிலளிக்கிறார்.

வாழைச்சேனை: நான் கடற்றொழில் செய்பவன், சேர். மகளுக்கு ஆறு வயது. எனக்கு ஒரு கோடுகூட ஒழுங்காக வரையத் தெரியாது. அவளுடன் என்ன செய்யலாம்?

வரையத் தெரிய வேண்டிய தேவையே இல்லை. உங்கள் தொழிலே உங்களுக்கு வேண்டியதைத் தந்திருக்கிறது. ஜப்பானிய மீனவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே தாங்கள் பிடித்த மீனின் மேல் மை பூசிக் கடதாசியில் அச்செடுத்து, அதன் அளவையும் உருவத்தையும் பதிவாக வைத்துக்கொண்டார்கள். அதை நீங்களும் மகளும் செய்யலாம். திலாப்பியா போலச் செதில் பெரிதாக உள்ள ஒரு மீனை எடுத்து, உப்புப் போட்டுத் தேய்த்து, வழுவழுப்புப் போகக் கழுவி, பழைய துணியால் ஈரமில்லாமல் ஒற்றுங்கள். ஈரம் இருந்தால் மை பரவிச் செதில் தெரியாமல் போய்விடும். செட்டைகளை விரித்து, அவற்றின் கீழே சிறிது களிமண் வைத்து நிறுத்துங்கள். தலையிலிருந்து வால் நோக்கி மையை மெல்லியதாகப் பூசி, மெல்லிய கடதாசியை மேலே போர்த்தி, மகளின் விரல்களால் மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். கடதாசியை உரிக்கும்போது செதில், செட்டை, செவுள் மூடி எல்லாம் பதிந்திருக்கும். கண்ணை மட்டும் அவள் பிறகு வரையட்டும்.

மைக்குக் கடைக்குப் போக வேண்டாம். கணவாயின் மைப்பையைக் கவனமாக எடுத்துச் சில துளி நீரில் கரைத்தால் அழகான கரும்பழுப்பு நிறம் கிடைக்கும். மேலைநாட்டு ஓவியர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய செப்பியா என்ற நிறம் கணவாயிலிருந்துதான் வந்தது. கணவாய் மை பூசிய மீனைக் கழுவிக் கறிக்கு எடுக்கலாம், பெயின்ட் பூசியதை எடுக்கக் கூடாது. ஓரா மீனை இதற்குத் தொடவே வேண்டாம், அதன் முள் குத்தினால் பிள்ளை நாள் முழுவதும் வலியில் அழுவாள்.

மகள் அழுத்தும்போது அவளுடைய கையைப் பிடித்து நீங்கள் அழுத்தாதீர்கள். பக்கத்தில் இன்னொரு மீனை வைத்து உங்களுடைய அச்சை நீங்கள் எடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்பும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

செங்கலடி: மூன்றரை வயது மகன் என்னை வரைகிறான். ஒரு வட்டம், அதிலிருந்து நேராக இரண்டு கால்கள். வயிறும் இல்லை, கையும் இல்லை. திருத்தலாமா?

திருத்த வேண்டாம். உலகெங்கும் ஏறத்தாழ இந்த வயதுப் பிள்ளைகள் மனிதரை இப்படித்தான் முதலில் வரைகிறார்கள். விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக் கல்வியாளர் 1947இல் பிள்ளைகளின் சித்திர வளர்ச்சியைப் படிநிலைகளாக வகுத்தபோது, இரண்டு முதல் நான்கு வயது வரை கிறுக்கல் நிலை என்றும், நான்கு முதல் ஏழு வயது வரை உருவங்கள் தோன்றத் தொடங்கும் நிலை என்றும் குறித்தார். உங்கள் மகன் ஒரு நிலையின் முடிவிலும் மற்றதன் தொடக்கத்திலும் நிற்கிறான். வயிறும் கையும் தாமாகவே வரும். அவன் முதலில் வரையத் தேர்ந்த மனிதர் நீங்கள் என்பதைக் கண்டு மகிழுங்கள்.

களுவாஞ்சிகுடி: நானும் ஓர் ஆசிரியர்தான். பிழையைக் கண்டால் திருத்துவது தகப்பனின் கடமை அல்லவா? திருத்தாமல் விட்டால் பிள்ளை எப்படி முன்னேறும்?

எழுத்தில் பிழை உண்டு, கணக்கில் பிழை உண்டு. நான்கு வயதுப் பிள்ளையின் சித்திரத்தில் பிழை என்று ஒன்று கிடையாது, அந்த வயதில் அது கண்டதும் நினைத்ததும் மட்டுமே உண்டு. தகப்பன் கையைப் பிடித்து வரைந்த படத்தை நான் வகுப்பில் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவேன், ஏனென்றால் அந்தப் பிள்ளை அடுத்த கடதாசியில் பென்சிலை வைக்கத் தயங்கும்.

கொக்கட்டிச்சோலை: நான் கூத்துக் குடும்பத்தில் பிறந்தவன். என் அப்பா கூத்துப் பழக்கும் அண்ணாவியார். தாளம் பிசகினால் விடவே மாட்டார். அந்தக் கண்டிப்பில்தான் நாங்கள் ஆடப் பழகினோம். களுவாஞ்சிகுடி ஆசிரியர் சொல்வதே சரி என்பது என் எண்ணம்.

இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டும். கூத்து வழிவழியாகக் கையளிக்கப்படும் கலை. சட்டம் எனப்படும் பாத்திரத்துக்குரிய பாடல் ஏட்டைக் கொடுத்து, பாடலும் ஆட்டமும் பழக்கி, சதங்கை அணிவித்து, அதன் பின்னரே அரங்கேற்றம் என்று அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. கூத்தின் இரு வகைகளில் வடமோடிக்கு ஒரு தாளக்கட்டு, தென்மோடிக்கு வேறு தாளக்கட்டு. அங்கே தனிமனிதர் ஒருவரின் விருப்பத்துக்கு வடிவம் மாறினால் கலையே கலைந்துவிடும், ஆகவே அண்ணாவியாரின் கண்டிப்பு நியாயமானது. ஐந்து வயது மகள் அப்பாவுக்கு வரையும் படத்தில் காப்பாற்ற வேண்டிய அப்படியான மரபு வடிவம் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் அப்பா திண்ணையில் அமர்ந்து பிழை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. மத்தளத்தைக் கட்டிக்கொண்டு ஆடுபவர்களோடு கூத்தாடும் களரியில் தாமும் நின்றார், அவருடைய கைகளும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தன. அதைத்தான் நானும் கேட்கிறேன். உங்கள் பிள்ளைகளோடு கடதாசியில் கூத்து முடி, அதாவது கூத்தர் தலையில் அணியும் கிரீடம், ஒன்று செய்யுங்கள். தடித்த மட்டையில் வெட்டி, பழைய இனிப்புத் தாள்களின் மினுக்கத்தை ஒட்டி, அப்பப்பாவின் களரி முடியைப் பற்றிப் பேசிக்கொண்டு செய்தால், அந்த ஒரு மாலையில் மூன்று தலைமுறை கூடிவிடும்.

கல்முனை: என்ன பெயின்ட் வாங்குவது?

கைகளால் தொட்டுச் செய்யும் வேலைகளுக்குப் பிள்ளைகளுக்கென்று விற்கும், நீரில் கழுவக்கூடிய வர்ணங்களையே வாங்குங்கள். வாங்க வசதியில்லாவிட்டால் மஞ்சள் கரைசலும் செவ்வரத்தம்பூச் சாறும் போதும். மஞ்சளில் அப்பச் சோடா கரைத்தால் செம்பழுப்பாகும், செவ்வரத்தைச் சாற்றில் தேசிக்காய் பிழிந்தால் நல்ல சிவப்பாகும். மஞ்சள் வெயிலில் மங்கும் என்பதால் படத்தை நிழலில் மாட்டுங்கள். கேற்றுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயின்டைப் பிள்ளையின் உள்ளங்கையில் பூசவே பூசாதீர்கள். பிறகு மண்ணெண்ணெய் போட்டுத்தான் கழுவ வேண்டியிருக்கும், பழைய பெயின்டில் ஈயமும் இருக்கலாம்.

காத்தான்குடி: என் கணவர் கத்தாரில் இருக்கிறார். மகள் வாப்பாவைத் தேடுகிறாள்.

இங்கே இரவு ஏழு மணியாகும்போது அங்கே மாலை நான்கரை, வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அந்த நேரத்தில் வீடியோ அழைப்பில் இருவரும் ஒரே பொருளை, ஒரு தேநீர்க் கோப்பையையோ செருப்பையோ, அவரவர் கடதாசியில் வரையட்டும். முடிந்த பிறகுதான் காட்ட வேண்டும். இன்னொன்று, அவர் தம் கையைக் கடதாசியில் வைத்துச் சுற்றிவர வரைந்து, ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். தொலைபேசிப் படத்தில் கையின் உண்மையான அளவு வராது. மகள் அந்தக் கைக்குள் தன் கையை வைத்து வரைவாள். அவர் விடுமுறையில் வரும்வரை அதைக் கொப்பிக்குள் பத்திரமாக வையுங்கள்.

அக்கரைப்பற்று: எங்கள் வீட்டில் உயிருருவம் வரைவதைத் தவிர்க்கிறோம்.

தாராளமாகத் தவிர்க்கலாம். கவராயத்தால் ஒரு வட்டம் வரைந்து, அதே ஆரத்தை வட்டத்தின் மேல் வைத்துக்கொண்டே போனால் சரியாக ஆறு தடவை பொருந்தும், அந்த ஆறு புள்ளிகளிலிருந்து எத்தனையோ பூக்களும் விண்மீன்களும் பிறக்கும். நிறக் கடதாசிக் கீலங்களைப் பன்பாய் போல ஊடும் பாவுமாகப் பின்னுவதும் நல்லது. பாய் இழைத்த மூத்தம்மா வீட்டில் இருந்தால் வாப்பாவும் பிள்ளையும் அவரிடமே பழகட்டும்.

ஏறாவூர்: எந்தப் பெயின்ட் நல்லது, சேர்?

கல்முனை வாசகருக்குச் சொன்னதேதான். எனாமல் வேண்டாம்.

பொத்துவில்: கோதுமை மாவில் கை அச்சு எடுத்தோம். சில மாதங்களில் இளகிவிட்டது.

இரண்டு பங்கு மா, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு நீர் என்பது வழக்கமான அளவு. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், நம் கரையோரத்தில் மாரி தொடங்கியதும் அது இளகத்தான் செய்யும். கச்சான் காற்று வீசும் இந்த மாதங்களில், ஒரு விரல் தடிப்புக்கு மேற்படாமல் செய்து, புரட்டிப் புரட்டிக் காயவைத்து, முற்றாகக் காய்ந்த பிறகு இரு பக்கமும் வார்னிஷ் பூசுங்கள். வார்னிஷை நீங்களே வெளியில் வைத்துப் பூசுங்கள்.

திருக்கோவில்: சித்திரப் போட்டியில் பரிசு பெற என்ன வரையலாம்?

இதைப் பாடசாலைச் சித்திர ஆசிரியரிடம் கேளுங்கள்.

ஓட்டமாவடி: கை அச்சுக்கு எந்தப் பெயின்ட்?

மேலே பாருங்கள்.

ஆரையம்பதி: என் பேரனுக்கு அப்பா இல்லை. தந்தையர் தினத்துக்கு வகுப்பில் வாழ்த்து மடல் செய்யச் சொல்வார்கள் என்று பயப்படுகிறேன்.

அம்மா, வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசுங்கள், மடலை யாருக்கும் செய்யலாம் என்று அவர் வகுப்பு முழுவதற்கும் சொன்னால் போதும். அம்மப்பாவுக்கோ மாமனுக்கோ செய்யட்டும். அப்பாவுக்கே செய்ய விரும்பினால் அதையும் தடுக்காதீர்கள். போரிலும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியிலும் தந்தையரை இழந்த பிள்ளைகள் நம் மண்ணில் ஏராளம். போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டபோது, சித்திரமும் களிமண்ணும் கதையுமே அங்கே அவர்களுக்குத் துணையாக வைக்கப்பட்டன. பேரன் வரையும்போது பக்கத்தில் இருங்கள். "ஏன் கறுப்பு நிறம் பூசினாய்?" என்று கேட்காதீர்கள். ஒரு நிறத்தை வைத்துப் பிள்ளையின் மனத்தை அளந்துவிட முடியாது.

சம்மாந்துறை: மகனுக்குப் பதின்மூன்று வயது. என்னோடு உட்கார்ந்து வரைவதற்கு வெட்கப்படுகிறான்.

அப்படியானால் கடதாசியை விட்டுவிட்டுப் பட்டம் கட்டுங்கள். மூங்கில் சீவுவதை நீங்கள் செய்யுங்கள், நிறங்களையும் வாலின் நீளத்தையும் அவன் தீர்மானிக்கட்டும். பட்டம் ஒரு பக்கம் சாய்ந்து சுற்றினால் அதைப் பறிக்காமல் அவனையே சரிபார்க்க விடுங்கள். மின்கம்பிகள் உள்ள தெருவில் ஏற்றாமல், அறுவடை முடிந்த வயல் வெளிக்கு இருவருமாகப் போங்கள்.