இந்த வெயிலில் மைனஸ் 40 சோதனை எதற்கு?

கேள்வி: சிங்கப்பூர் துவாஸில் ஒரு ஷிப்யார்டில் வெல்டராக இருக்கிறேன். இங்கே வருடம் முழுக்க 30 டிகிரி வெயில். ஆனால் கப்பலுக்கு வரும் பிளேட்டில் துண்டு வெட்டி, மைனஸ் 40 வரை குளிரவைத்து அடித்து உடைக்கிறார்களாம். பலமான எஃகுதானே, எதற்கு இது?
- வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: கப்பல் துவாஸிலேயே நிற்கப் போவதில்லையே, குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்குக்கும் போகும். எவ்வளவு பாரம் தாங்கும் என்பது பலம். உடைவதற்குள் எவ்வளவு அடியை உள்வாங்கும் என்பது டஃப்னஸ், அது வேறு கணக்கு; பலத்தைக் கூட்டப்போய் டஃப்னஸைக் குறைத்துவிடுவது சுலபம். கப்பல் எஃகு நம் வெயிலில் வளைந்து இழுபட்டு அப்புறம்தான் கிழியும், குளிர் ஓர் அளவைத் தாண்டினால் கண்ணாடி மாதிரி பட்டென்று போய்விடும்.

1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல், புயலும் இல்லை மோதலும் இல்லை, துறையில் கட்டிக் கிடந்தபடியே நடுவில் பிளந்தது. பிளேட்டுகளை ரிவெட் ஆணி அடித்து இணைத்த கப்பலில் விரிசல் பெரும்பாலும் ஒரு பிளேட்டின் விளிம்போடு நின்றுவிடும், வெல்டிங் செய்ததில் நிற்க இடமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லோரும் வெல்டர்களைத்தான் குற்றம் சொன்னார்கள். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற விஞ்ஞானி இப்படி உடைந்த கப்பல்களை ஆராய்ந்து, குளிரில் அந்த எஃகே நொறுங்கும் தன்மைக்கு மாறுகிறது என்று காட்டினார். உங்கள் தொழிலுக்கு அவர் செய்த பெரிய நியாயம் அது.

நீங்கள் கேள்விப்பட்டது சார்பி சோதனை. 10 மி.மீ. சதுரம், 55 மி.மீ. நீளத் துண்டில் 2 மி.மீ. ஆழத்துக்கு வி வடிவ வெட்டுப் போட்டு, ஊசல் சுத்தியலால் அடித்து, எத்தனை ஜூல் ஆற்றலை வாங்கியது என்று பார்ப்பார்கள். கப்பல் எஃகின் தரப்பிரிவுகளில் டி கிரேடுக்கு மைனஸ் 20 டிகிரியில் சோதனை, இ கிரேடுக்கு மைனஸ் 40. வெட்டு எதற்கு என்றால், நிஜக் கப்பலிலும் விரிசல் இப்படி ஒரு கூர்மையான இடத்தில்தான் பிறக்கும்: வெல்டிங் ஓரத்துப் பள்ளம், தேவையில்லாமல் ஆர்க் (வெல்டிங் மின்பொறி) தொட்ட புள்ளி.

அதனால் சோதனையில் தேறிய பிளேட்டையும் நாம் கெடுத்துவிடலாம். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், லோ ஹைட்ரஜன் எலெக்ட்ரோடை (வெல்டிங் குச்சியை) சூட்டுப்பெட்டியிலிருந்து எடுத்துத் திறந்து போட்டுவைக்காதீர்கள். ஈரத்தின் ஹைட்ரஜன் எஃகுக்குள் போனால் விரிசல் ஓரிரு நாள் கழித்துக்கூட வரும், உயர்பல எஃகில் வெல்டிங் முடிந்து 48 மணி நேரம் விட்டுச் சோதிக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.