நர்சிங் வேலை நிலைக்குமா? கவலைப்படும் ஒரு தாய்க்கு

அம்மா, உங்கள் மகள் நர்சிங் படிக்க ஆசைப்படுவதாகவும், "ஆஸ்பத்திரியில் செலவைக் குறைக்க நினைத்தால் முதலில் நர்ஸுகள் மேல்தானே கை வைப்பார்கள்" என்றும் எழுதியிருந்தீர்கள். கை வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் சிக்கனம் என்று நினைப்பது தப்புக் கணக்கு.

எழுந்திருக்க முடியாத நோயாளியைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். குதிகாலில் சிவப்பு தெரிந்தால் செவிலியர் விரலால் அழுத்திப் பார்ப்பார். அழுத்தியதும் அந்த இடம் வெளுத்தால் கொஞ்சம் நிம்மதி. வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்குகிறது. பதினைந்து பேரை ஒருவரே கவனிக்கும் இரவில் அந்தக் குதிகாலை யார் பார்ப்பது? பிறகு கட்டு, மருந்து, கூடுதலாகப் பல நாள் படுக்கை. முற்றிய படுக்கைப்புண் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு வந்ததென்றால், அதற்கான கூடுதல் தொகையை அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2008 முதல் தருவதில்லை. அந்தச் செலவு ஆஸ்பத்திரியின் தலையில் விழுகிறது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016இல், குறிப்பிட்ட அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் பகலில் சராசரியாக நான்கு நோயாளிக்கு ஒரு செவிலியர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று விதித்தது. அதன் பலனை ஆராய்ந்த கட்டுரை 2021இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பியதாலும், மறுபடி வந்து சேர்வது குறைந்ததாலும் மிச்சமான பணம், கூடுதல் செவிலியர்களுக்கு ஆன செலவைப்போல் இரு மடங்குக்கும் மேல்! இந்த ஒரு கணக்கையாவது உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

வேலைப்பளு தாங்காமல் அனுபவசாலிகள் விலகும்போது, புதியவர்களைத் தேடிப் பழக்கும் செலவு தனி.

அதனால் படிக்க அனுப்புங்கள். எங்கே சேர்வது என்பதில்தான் கவனம் வேண்டும். நேர்காணலில் சம்பளத்தோடு இதையும் அவள் தயங்காமல் கேட்கட்டும்: "இரவு ஷிஃப்டில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள்? யாராவது விடுப்பு எடுத்தால் மாற்று ஆள் வருவாரா?" பதில் மழுப்பலாக இருந்தால், அங்கே வேலை பார்க்கும் செவிலியர் ஒருவரிடம், ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது விசாரிக்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.