கோனோசூபா என்ற ஜப்பானிய அனிமே தொடரின் முன்கதையை மூலத்தொடரோடு ஒப்பிடாமல் எப்படி மதிப்பிடுவது?

"கஸூமா கூட்டணி இல்லாமல் அந்தச் சிரிப்பு வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூலத்தொடரின் நாயகன் கஸூமாவும் அவன் கூட்டாளிகளும் தரும் அந்தச் சிரிப்பு வராது, வேறு சிரிப்பு வரும்.

2023-இல் 12 அத்தியாயங்களாக வந்த இந்த முன்கதையின் நாயகி, மந்திரம் பயிலும் சிறுமி மெகுமின். அவள் வெடிப்பு மந்திரம்தான் கற்பாள் என்பது மூலத்தொடரிலிருந்து நமக்கு முன்பே தெரியும். சரி, அப்படியென்றால் அந்தப் பிடிவாதம் எப்படி வளர்ந்தது என்று பாருங்கள்.

எனக்குப் பிடித்தது சாப்பாட்டுப் பந்தயம். உடன் படிக்கும் யுன்யுன் வலியப் போட்டிக்கு அழைப்பாள், தோற்பாள், மதிய உணவு மெகுமின் கைக்குப் போய்விடும். மெகுமின் வீட்டில் வறுமை. யுன்யுனுக்கோ தோழிகளே இல்லை. ஒருத்திக்குப் பசி ஆறுகிறது, இன்னொருத்திக்குத் துணை கிடைக்கிறது. மூலத்தொடரையே பார்க்காதவரும் இதற்குச் சிரிப்பார், அப்புறம் கொஞ்சம் கலங்கவும் செய்வார்.