பேஸ் கிட்டாரும் கத்தரிக்கோலும்: ஹோல்கர் சூகாய் செய்தது என்ன?

"கான் (Can) என்ற ராக் இசைக்குழுவில் சூகாய் பேஸ் கிட்டார் கலைஞர்தானே, அவரை ஏன் ஒலிநாடா வெட்டுபவர் என்கிறார்கள்?" என்பது கேள்வி.

ஒலிநாடாவில் பதிந்ததைத் துண்டுதுண்டாக வெட்டி, வேறு வரிசையில் ஒட்டுவதுதான் நாடாத் தொகுப்பு. 1968இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் கான் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சூகாய், இந்த வேலையையும் பார்த்துக்கொண்டார்.

அவர்கள் பாட்டை எழுதிவைத்து வாசிப்பவர்கள் அல்லர். நீண்ட நேரம் வாசித்துக்கொண்டே இருப்பார்கள், நாடாவும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆரம்ப காலத்தில் இருந்ததோ இரண்டே தடங்கள் கொண்ட பதிவுக் கருவி. வாத்தியங்கள் ஒன்றாகக் கலந்தே பதிவாவதால், ஒரு வாத்தியத்தை மட்டும் பிறகு திருத்துவது எளிதல்ல. ஆகவே நல்ல பகுதிகளைத் தேடி வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. தையற்காரர் ஒரே துணிச்சுருளிலிருந்து கை, கழுத்து, முதுகு என்று வெட்டிச் சட்டையாக்குகிறாரே, அதுபோல.

இளவயதில் வானொலி பழுதுபார்க்கும் கடையில் வேலை, பின்னர் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனிடம் படிப்பு, இரண்டும் கைகொடுத்தன. அவருடைய பேஸ் வாசிப்பில் எனக்குப் பிடித்தது சிக்கனம். ஜாஸ் உலகிலிருந்து வந்த டிரம்ஸ் கலைஞர் யாக்கி லீபட்சைட்டின் தாளத்துக்கு இடம்விட்டு, இரண்டு மூன்று சுரங்களோடு நின்றுகொள்வார். 1977இல் குழுவிலிருந்து விலகி, 1979இல் வெளியிட்ட தனி இசைத்தட்டில், சிற்றலை வானொலியில் பிடித்த ஈரானியப் பாடகரின் குரலைத் தன் இசைக்குள் ஒட்டவைத்தார்.

கான் குழுவினர் மனம்போன போக்கில் வாசித்ததை அப்படியே வெளியிட்டார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். வாசித்தது ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் இசைத்தட்டில் நாம் கேட்பவற்றில் பல, சூகாய் பிறகு உட்கார்ந்து வெட்டி ஒட்டியவை.