செர்பிய வம்சாவளி: குடும்பப் பெயரை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: என் கணவரின் கொள்ளுத்தாத்தா 1907-இல் செர்பியாவின் வால்யேவோ பகுதியிலிருந்து அமெரிக்கா சென்றவர். குடும்பப் பெயர் யோவனோவிச். அந்தப் பெயருக்குரிய குலச்சின்னமும் வம்சாவளியும் தருவதாக ஒரு நிறுவனம் பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: ஒரு காசும் கொடுக்காதீர்கள். யோவனோவிச் என்றால் யோவானின் பிள்ளை, அவ்வளவுதான். செர்பியாவில் மிகப் பரவலான குடும்பப் பெயர் அது. 1851-இல் அரசு ஆணையிட்டுப் பெயர்களை நிலைநிறுத்தும் வரை, நம் ஊர் முன்னெழுத்தைப் போல அது தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்தது. ஒருவருக்கொருவர் உறவே இல்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே சின்னத்தை விற்பது பகல் கொள்ளை. உழுது பிழைத்தவர்களுக்கு அங்கே குலச்சின்னம் ஏது?

முதலில் கிராமத்தின் பெயரைக் கண்டுபிடியுங்கள். அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பத்திலோ கப்பல் பயணிகள் பட்டியலிலோ அது இருக்கலாம். அடுத்து, குடும்பத்தின் 'ஸ்லாவா' எந்தப் புனிதருக்கு உரியது என்று வீட்டு முதியவர்களிடம் கேளுங்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் அந்தத் திருநாள், பெயர் மாறினாலும் பெரும்பாலும் மாறாது. புனித நிக்கோலா என்றால் மட்டும் அதிகம் நம்பாதீர்கள். அவரைக் கொண்டாடாத கிராமம் அரிது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆண் வாரிசு இல்லாத வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவரை 'தோமசெத்' என்பார்கள். அவர் மாமனார் வீட்டு ஸ்லாவாவை ஏற்பார். பல நேரம் குடும்பப் பெயரையும் ஏற்பார். அப்படி ஒருவர் இடையில் வந்திருந்தால், நீங்கள் தந்தை வழி என்று பின்தொடர்வது உண்மையில் ஒரு மனைவியின் வழியாக இருக்கும். அதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் திருமணப் பதிவைப் பார்த்து, மணமகன் எந்த ஊரில் பிறந்தவர் என்று உறுதி செய்த பிறகே மேலே ஏறுங்கள். இதைச் செய்யாமல் வரைந்த வம்ச மரங்கள்தான் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன.

1946 வரை பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் தேவாலயத்தின் கையில் இருந்தன. பிறகு அரசு அவற்றை எடுத்துக்கொண்டது. இப்போது சில ஏடுகள் நகராட்சிப் பதிவாளரிடமும் சில ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. பதிவாளர் காப்பகத்தைக் கேள் என்பார், காப்பகம் பதிவாளரைக் கேள் என்னும். தன் தாத்தாவின் பெயரைத் தேடுகிறவரை இப்படி அலையவிடுவது அநியாயம். இந்த அலைச்சலை வைத்துத்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். இரு இடங்களுக்கும் ஒரே நாளில், செர்பிய மொழியில், கிராமத்தையும் ஆண்டையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.

சான்றிதழ் மட்டும் போதாது, ஏட்டுப் பக்கத்தின் நகலையே கேளுங்கள். ஞானத் தந்தையான 'கூம்' பெயர் அதில் இருக்கும். கூம் உறவு இரு குடும்பங்களுக்கிடையே தலைமுறைகளாகத் தொடர்வது வழக்கம். ஒரே கிராமத்தில் இரண்டு யோவனோவிச் குடும்பங்கள் இருந்தால், உங்களுடையது எது என்பதை அந்தப் பெயரே காட்டிக்கொடுக்கும்.